'பாத்துச் சொல்லுப்பா': சுத்தத்தின் விலையில் ஒளிந்திருக்கும் சாதி

"என்னப்பா, பெயின்ட் அடிக்கிற காசைச் சொல்ற? தண்ணி அடிச்சு விடுறதுதானே? தண்ணியும் கரண்டும் நாங்கதானே தர்றோம்? பாத்துச் சொல்லுப்பா."

கட்டடங்களின் வெளிச்சுவர், மொட்டைமாடி, கண்ணாடி முகப்பு ஆகியவற்றைக் கழுவித் தரும் தொழிலில் இருக்கும் எவரும் இந்தப் பேச்சை ஏதோவொரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். பேசுகிறவருக்கு நாற்பது வயதும் கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு ஐம்பது வயதும் இருக்கலாம். ஆனாலும் ஒருவர் 'சார்', மற்றவர் 'ப்பா'. விலை பேசத் தொடங்கும் முன்பே யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது முடிவாகிவிடுகிறது.

தொழில் ஆலோசனை சொல்கிறவர்கள் இப்படிப் பேசுகிறவரை 'விலையை மட்டும் பார்க்கும் வாடிக்கையாளர்' என்ற வகையில் அடைத்துவிடுவார்கள். பொறுமையாகப் பேசு, தரத்தை விளக்கு, கொஞ்சம் தள்ளுபடி கொடு, படியாவிட்டால் அடுத்த ஆளைப் பார் என்பது அவர்களுடைய பாடம். பாடத்தில் தவறில்லை. ஆனால் நம் ஊரில் சுத்தம் செய்யும் வேலைக்கு நடக்கும் பேரத்தை வெறும் கஞ்சத்தனமாகப் பார்த்தால் பாதிதான் புரியும். மறுபாதி சாதி. அதைப் பேசாமல் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லும் எந்த ஆலோசனையும் அரைகுறைதான்.

பேரம் எல்லோரிடமும்தானே?

பேரம் எல்லா வேலைக்கும் உண்டு என்று சொல்லலாம். பெயின்டரிடம் பேசுவதில்லையா, கொத்தனாரிடம் பேசுவதில்லையா? பேசுகிறோம். ஆனால் பெயின்டரிடம் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் என்பதில்தான் பேரம் நடக்கிறது. அது ஒரு வேலை, அதற்கு ஓர் அளவு உண்டு, அந்த அளவுக்கு ஒரு விலை உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை. ஏசி மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாலே 'விசிட்டிங் சார்ஜ்' கொடுக்கிறோம். மருத்துவரிடம் "அஞ்சு நிமிஷம்தானே பாத்தீங்க" என்று சொல்லி ஃபீஸைக் குறைக்கச் சொல்வதில்லை. கழுவ வந்தவரிடம் மட்டும்தான் "ரெண்டு நாள் வேலைதானே", "தண்ணி அடிக்கிறதுதானே" என்று அந்த வேலையையே வேலை இல்லை என்று ஆக்கிவிட்டுப் பேரத்தைத் தொடங்குகிறோம்.

உண்மையில் அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது செய்கிறவர்களுக்குத் தெரியும். இயந்திரத்தில் அழுத்தம் கொஞ்சம் கூடினால் பழைய சுவரின் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். நுனியைப் பிடிக்கும் கோணம் தவறினால் ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் போகும். பாசியை மேலோட்டமாக அடித்துத் தள்ளினால் அடுத்த மழைக்கே திரும்ப வரும். உப்புள்ள போர்வெல் தண்ணீர் பட்டுக் கறையேறிய கண்ணாடியில் தவறான அமிலத்தைத் தடவினால் கறையோடு சேர்ந்து கண்ணாடியின் பளபளப்பும் போய்விடும். இதெல்லாம் கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்ட அறிவு. ஆனால் சுத்தம் செய்வதை 'அறிவு' என்ற கணக்கில் சேர்க்க நம் சமூகம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

விலையே இல்லாதிருந்த வேலை

காரணம் பழையது. ஊர்த்தொழில் முறையில் துணி வெளுத்தவருக்கும், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவருக்கும், சாவுச் செய்தி சொல்லப் போனவருக்கும் விலை சொல்லும் உரிமை இருந்ததில்லை. அறுவடையின்போது களத்துமேட்டில் அளந்து போடும் நெல், மாலையில் வீடு வீடாகப் போய் எடுக்கும் சோறு, நல்ல நாளில் கிடைக்கும் பழந்துணி, இவைதான் கூலி. எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்தார். கேட்டு வாங்கினால் திமிர். வேண்டாம் என்று விட்டாலும் திமிர். "பாத்துக் குடுங்க சாமி" என்ற ஒரே சொல்தான் வாங்குகிறவருக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது.

இன்று நகரத்தில் 'பாத்துக் குடுங்க' என்பது 'பாத்துச் சொல்லுப்பா' என்று மாறியிருக்கிறது. சொல்லும் வாய் மாறியிருக்கிறது. ஆனால் தொகையை முடிவு செய்யும் உரிமை கொடுப்பவரிடமே இருக்கிறது. சுத்தம் செய்கிறவர் ஒரு தொகையை உறுதியாகச் சொல்லி, இதற்குக் கீழே கட்டுப்படியாகாது என்று நிற்கும்போது வாடிக்கையாளருக்குக் கோபம் வருகிறதே, அந்தக் கோபத்தைக் கவனியுங்கள். விலை அதிகம் என்பதால் மட்டும் அது வருவதில்லை. விலை சொல்லக் கூடாதவர் சொல்லிவிட்டார் என்பதால் வருகிறது.

அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமமின்மை கூலியிலும் அப்படியே இறங்குகிறது. அழுக்கோடு நெருங்க நெருங்க மதிப்பு குறையும், மதிப்பு குறையக் குறையக் கூலி குறையும். இந்த வேலைக்குப் பிற சமூகத்தினர் வந்தாலும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞர்கள் கயிற்றில் தொங்கினாலும், அந்த வேலையின் மீது ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மதிப்புதான் அவர்களுடைய கூலியையும் தீர்மானிக்கிறது.

ஏழாயிரம் ரூபாய் எங்கே போகிறது?

தள்ளுபடி என்பது எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு வண்ணம் அடிக்கும் முன் வெளிச்சுவரைக் கழுவ வேண்டும். இரண்டு நாள் வேலை. கயிற்றில் இறங்க இருவர், மேலே நின்று கயிற்றைக் கவனிக்க ஒருவர், கீழே யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்றால் கூலி 8,000. இயந்திர வாடகை 3,000. வண்டி வாடகை 2,000. பாசி நீக்கும் திரவம் 1,500. கயிறு, பெல்ட், தலைக்கவசம், கையுறை ஆகியவற்றின் தேய்மானம் 1,500. விபத்துக் காப்பீட்டில் இந்த வேலைக்கான பங்கு 500. ஆக 16,500. வேலையை எடுத்து நடத்துகிறவருக்கு 3,500. மொத்தம் 20,000.

வாடிக்கையாளர் 13,000-த்தில் நிற்கிறார். "வேற ஒருத்தர் அந்த ரேட்டுக்குச் செய்யிறேங்கிறார்" என்கிறார். வேலை கையை விட்டுப் போகக் கூடாது என்று இவர் ஒப்புக்கொள்கிறார். இப்போது 7,000 ரூபாயை எங்கே குறைப்பது?

இயந்திர வாடகை குறையாது. டீசல் விலை குறையாது. அவை சாதியற்ற செலவுகள், அவற்றிடம் யாரும் பேரம் பேச முடியாது. நடத்துகிறவர் தன் பங்கில் 2,000-ஐ விடுகிறார். திரவத்துக்குப் பதிலாகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆசிட்டை வாங்குகிறார், 1,000 மிச்சம். காப்பீட்டை விட்டுவிடுகிறார், பழைய பெல்ட்டையும் கயிற்றையும் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுகிறார், 2,000 மிச்சம். கீழே நிற்கும் ஆளை இரண்டு நாளும் அழைக்காமல் விடுகிறார், 2,000 மிச்சம். ஏழாயிரம் நேராகிவிட்டது.

கயிற்று வேலையில் ஒருவருக்கு இரண்டு கயிறு வேண்டும். ஒன்று வேலைக் கயிறு. அது அறுந்தாலோ நழுவினாலோ தாங்குவதற்கு வேறோர் இடத்தில் கட்டிய காப்புக் கயிறு மற்றொன்று. தேய்மானத்துக்குப் பணம் இல்லாதபோது முதலில் காணாமல் போவது இந்த இரண்டாவது கயிறு. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சுவர் அதே அளவு சுத்தமாகத்தான் இருக்கும், பாசி போயிருக்கும், வாடிக்கையாளர் ஏழாயிரம் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் இருப்பார். அந்தத் தொகை இறங்கியவரின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஆசிட்டின் புகை அவருடைய நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இரண்டு நாளும் அவருடைய உயிர் ஒற்றைக் கயிற்றில் இருந்திருக்கிறது.

இதில் வாடிக்கையாளருக்கும் இழப்பு உண்டு. ஆசிட் சிமெண்டுப் பூச்சை அரிக்கும். அரித்த சுவரில் அடித்த வண்ணம் சீக்கிரமே உரியும். மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு பிறகு செலவாகும்.

இன்னொரு தள்ளுபடியும் உண்டு. "பில் வேண்டாம், ஜிஎஸ்டி இல்லாம போட்டுக்குங்க." சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், இந்த வேலைக்கு வரி 18 விழுக்காடு. வரியை மிச்சம் பிடிக்கும் ஆசை புரிகிறது. ஆனால் பில் இல்லை என்றால், அந்த நாளில் அந்தச் சுவரில் அந்த மனிதர் வேலை செய்தார் என்பதற்கும் சான்று இல்லை. விழுந்தால், "இவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது" என்று சொல்வதற்கான ஏற்பாடாகவும் அது ஆகிவிடுகிறது.

"அப்படியே அதையும் பாத்துடுங்க"

விலையைப் பேசி முடித்த பிறகும் பேரம் முடிவதில்லை. சுவரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் வருகிறார். "அப்படியே அந்தச் சாக்கடை அடைப்பையும் பாத்துடுங்க. செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து கொஞ்சம் கிளறி விட்டுடுங்க. டீக்குத் தனியா தர்றேன்."

ஏசி மெக்கானிக்கிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எலக்ட்ரீஷியனிடம் கேட்பதில்லை. கழுவ வந்தவரிடம் கேட்கத் தோன்றுவதற்கு ஒரே காரணம், சுவரைக் கழுவுவதும் மலக்குழியில் இறங்குவதும் நம் மனத்தில் ஒரே வேலையாக, ஒரே ஆட்களின் வேலையாக இருப்பதுதான்.

அந்த 'அப்படியே' சட்டப்படி குற்றம். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற முறையில் கழிவுநீர்க் குழாய்களையோ கழிவுத் தொட்டிகளையோ சுத்தம் செய்ய எந்தத் தனிநபரும் அமைப்பும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல்முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம். வீட்டுக்காரரும் இதில் அடங்குவார். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

2022, 2023 ஆண்டுகளில் மலக்குழிகளில் நடந்த இறப்புகளில் 54-ஐ எடுத்து ஒன்றிய அரசு நடத்திய சமூகத் தணிக்கையின் முடிவு 2025-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் இறங்கியவர்கள். 54-இல் 38 பேர் தனிப்பட்ட முறையில் பேசி அழைத்து வரப்பட்டவர்கள். அதாவது பெரிய நிறுவனமோ மாநகராட்சியோ நேரடியாக அனுப்பியதல்ல. வீட்டு வாசலில், கடை வாசலில் பேசி முடித்த பேரம். அந்த 38 பேரும் 'பாத்துச் சொல்லுப்பா'வுக்கு எதிரே நின்றவர்கள்தான்.

பெரிய வாடிக்கையாளர்கள்

வீட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்வது எளிது. இந்தத் தளத்தைப் படிக்கும் பலர் வேலை பார்க்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக எழுந்த கண்ணாடிக் கட்டடங்களை யாரோ கழுவிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பொதுவாக இந்த வேலை நேரடியாக அவர்களிடம் வருவதில்லை. கட்டட நிர்வாகம் ஒரு பராமரிப்பு நிறுவனத்துக்குக் கொடுக்கும். அது துணை ஒப்பந்தக்காரருக்கு, அவர் ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரிக்கு. ஒவ்வொரு படியிலும் 'குறைந்த விலை யாருடையது' என்ற ஒரே கேள்விதான். ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் கயிற்றில் தொங்குகிறவரின் கூலி. உள்ளே பன்மைத்துவம் பற்றிக் கருத்தரங்கு நடந்துகொண்டிருக்கும், வெளியே கண்ணாடியில் ஒற்றைக் கயிறு ஆடிக்கொண்டிருக்கும்.

எல்லோரிலும் பெரிய வாடிக்கையாளர் அரசு. 1998-இல் வந்த தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஊழலைத் தடுக்கத் தேவையான சட்டம்தான். ஆனால் தகுதி பெற்றவர்களில் குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை என்ற அதன் நெறி, ஆள் பலத்தால் மட்டுமே நடக்கும் தூய்மைப் பணிக்கு வரும்போது, யார் குறைந்த கூலி கொடுப்பார் என்ற போட்டியாக மாறிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கையில் வரும் சம்பளம் குறைந்துவிடும் என்பதும் பணி நிரந்தரம் வேண்டும் என்பதும் அவர்களுடைய பேச்சு. 13-ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. 'கொஞ்சம் குறைச்சுக்கோப்பா' என்று வீட்டுக்காரர் வாசலில் சொல்வதை மாநகராட்சி ஒப்பந்தத்தில் எழுதிச் சொன்னது. அவ்வளவுதான் வேறுபாடு.

அதே அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்து, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. வரவேற்க வேண்டிய திட்டம். கூலியாக இருந்தவர் முதலாளியாக இயந்திரத்தோடு வந்து நிற்கிறார். ஆனால் இயந்திரத்தை மானியத்தில் வாங்கலாம், விலை சொல்லும் உரிமையை மானியத்தில் வாங்க முடியாது. வாசலில் அவர் கேட்பது அதே 'ப்பா'தான்.

என்ன செய்யலாம்?

இந்தத் தொழிலில் இருக்கும் தோழர்களுக்கு முதலில். ஒரே தொகையாக வாயால் சொல்லாதீர்கள். ஆள் எத்தனை, கூலி எவ்வளவு, கயிறு எத்தனை, காப்பீடு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள். மொத்தத் தொகையில் ஏழாயிரத்தைக் குறைக்கச் சொல்வது எளிது. "இரண்டாவது கயிற்றை எடுத்துவிடு" என்று எழுத்தில் சொல்ல யாருக்கும் கை வராது. குறைக்கத்தான் வேண்டும் என்றால் வேலையைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். தெருவைப் பார்த்த சுவர் மட்டும் இந்த ஆண்டு, பின்சுவர் அடுத்த ஆண்டு என்று சொல்லுங்கள். கழிவுநீர்த் தொட்டியிலோ சாக்கடையிலோ இறங்க மாட்டோம் என்பதை அதே தாளில் எழுதுங்கள். பாதி முன்பணம் வாங்காமல் கயிறு கட்டாதீர்கள்.

13,000-த்துக்குச் செய்ய ஒப்புக்கொள்ளும் அந்த 'வேற ஒருத்தர்' உங்கள் எதிரி இல்லை. வட்டி கட்ட வேண்டிய நாள் நெருங்கியவராக இருப்பார். அவரைத் திட்டுவதால் பயனில்லை. ஒரே பகுதியில் இந்த வேலை செய்கிறவர்கள் ஒன்றுகூடி, இரண்டு கயிறு இல்லாமல், கீழே ஆள் இல்லாமல், காப்பீடு இல்லாமல் யாரும் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தால், போட்டி கைத்திறனில் இருக்கும், உயிரில் இருக்காது. தனியாக நின்று சொல்லும் 'கட்டுப்படியாகாது' திமிராகக் கேட்கும். நாற்பது பேர் சேர்ந்து சொன்னால் அதுதான் தொழிலின் நியதி.

வாடிக்கையாளர்களுக்கும் கஷ்டம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கும், கடனில் வீடு வாங்கிய குடும்பத்துக்கும் இருபதாயிரம் பெரிய தொகை. நாலு பேரிடம் விலை கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் நாலு விலையையும் ஒப்பிடும்போது, குறைந்த விலையில் எது இல்லை என்று கேட்பது அவர்கள் கடமை. காசு போதவில்லை என்றால் வேலையைத் தள்ளிப்போடலாம். பாசி படிந்த சுவர் ஓராண்டு அப்படியே இருந்தால் யாரும் சாகப்போவதில்லை.

நம்மைப் போன்ற இளைஞர்களுக்கும் வேலை இருக்கிறது. குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு அப்பாவை அனுப்பிவிட்டு இணையத்தில் சாதி ஒழிப்புப் பேசினால் போதாது. மூன்று கொட்டேஷன்களில் குறைந்ததைத் தேர்ந்தெடுத்துக் கையைத் தட்டும் அந்தக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். காப்பீட்டுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். அலுவலகத்தில் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: நம் கண்ணாடியைக் கழுவுகிறவர்களின் ஒப்பந்தத்தில் கூலி எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, அது அவர்கள் கைக்குப் போகிறதா?

அடுத்த முறை உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் விலை சொல்ல வந்து நிற்கும்போது, "நீங்க சொல்லுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். அவர் தொகையைச் சொன்னதும், "இதுல உங்க ஆளுங்களுக்கு எவ்வளவு? கயிறு எத்தனை?" என்று கேளுங்கள். பேரம் அங்கிருந்து தொடங்கட்டும்.